பலகையில் ஒட்டிய பெயர்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதைச் சொல்லாத ஆள் இல்லை. கொட்டகலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். வயது பத்தொன்பது. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்.

ஒருநாள் ஆபீஸ் கிளாக்கர் கூப்பிட்டனுப்பினார். அரிசி வாங்குகிறவர்களின் பட்டியலைப் புதிதாக எழுதி ஆபீஸ் வாசல் பலகையில் ஒட்ட வேண்டுமாம். பெயரும் அரிசி அளவும் போதும் என்றுதான் சொன்னார். நான் விடுவேனா? வேலையாட்களின் விவரம் பதியும் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து புருஷன் பெயர், முன்பிருந்த தோட்டம், இப்போது குடியிருக்கும் வரிசை வீடான லயம், அதில் காம்பரா நம்பர் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினேன். எங்கள் ஆட்களுக்கு இவ்வளவும் சொன்னால்தான் ஒருவரை யாரென்று சொன்னதாக அர்த்தம். புதிதாக யார் வந்தாலும் எந்தத் தோட்டம், எந்த லயம், யார் மகள் என்று கேட்டு முடித்துத்தான் தேத்தண்ணி கொடுப்போம். அதுதான் மரியாதை.

எங்களுக்கு அடுத்த காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூன்று வயது மகளோடு வந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. புருஷன் அடித்து உடைத்த மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. அந்தக் கையோடுதான் கொழுந்து பறித்தார். பிள்ளையைத் தன் தாயிடம் கொண்டுபோய் விட்டுவிட்டால் இவள் தானாகக் காலடியில் கிடப்பாள் என்று அவன் மிரட்டியிருந்தான். அதற்குப் பயந்துதான் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்திருந்தார்.

பட்டியல் ஒட்டிய அன்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய வரியை ராகம் போட்டு வாசித்தேன். பெயர், புருஷன் பெயர், பழைய தோட்டம், இரண்டாம் லயம், ஏழாம் காம்பரா. பாராட்டுவார் என்று காத்து நின்றேன்.

"இதை யாரு வேணும்னாலும் படிக்கலாமா?" என்று கேட்டார்.

படிக்கத்தானே ஒட்டியிருக்கிறது என்றேன். அவர் கீழே ஹட்டன் பஸ் நிற்கிற வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. நாலு பேர் புகழ வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளை இருக்கும் இடத்தை ஊருக்கே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அங்கேயே கிழித்து எடுத்தேன். மறுநாள் கிளாக்கர் குதித்தார். எனக்கும் கோபம் சீக்கிரம் வரும். ஆளுக்கொரு செக்ரோல் நம்பர் இருக்கிறது, அவரவர் நம்பர் அவரவருக்குத் தெரியும், அரிசி வாங்க அது போதாதா என்று கேட்டேன். நம்பர் மட்டும் என்றால் காகிதமும் பாதிதான் ஆகும் என்றேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது. அன்றே வெறும் நம்பர்களாக எழுதி ஒட்டினேன். அவ்வளவு சப்பையான ஒன்றை நான் எழுதியதே இல்லை.

பதினைந்து நாள் போயிருக்கும், அவன் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. முதலில் பலகையைத்தான் நின்று பார்த்தானாம். பிறகு பிள்ளைக் காம்பராவுக்கு வந்து, மஸ்கெலியாப் பக்கமிருந்து பிள்ளையோடு ஒரு பெண் வந்திருக்கிறாளா என்று என்னிடம் கேட்டான். அவன் மகள் எனக்குப் பின்னால் சேலைத் தொட்டிலுக்குள் மறைந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தாய்மார் பெயரெல்லாம் எழுதிய புத்தகம் மேசையில் திறந்து கிடந்தது. பால்மா டின்னை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

"நீங்க எந்தத் தோட்டங்க?" என்றேன்.

சொன்னான். எந்த லயம் என்றேன். அதையும் சொன்னான். யார் மகன், அப்பாவுக்கு எந்த ஊர், தங்கைகளை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது என்று விடாமல் கேட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால் மரியாதையில்லை என்று அவனையும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதற்குள் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த இரண்டு பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லிவைக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தோம். அவன் வம்சமே எங்களுக்குத் தெரிந்துபோன நேரத்தில், அன்றைக்குத் திரும்பிப் போக இருந்த ஒரே பஸ் வரும் சத்தம் கேட்டது. அப்படி யாரும் இங்கே வரவில்லை என்று ஒருத்தி நிதானமாகச் சொன்னாள். அவன் எங்களைக் கும்பிட்டுவிட்டு ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தான்.

சாயங்காலம் அக்கா கூடையோடு வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்கு என் பேரை எழுதப் படிக்கக் கத்துக்குடு. அது எங்கெங்க இருக்குன்னு இனிமே நானே பாத்துக்குறேன்" என்றார்.

சிலேட்டில் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் எழுதி முடித்த கையோடு ஈரத்துணியால் துடைத்துவிடுவார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அப்படித்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், அக்காவின் புருஷன் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான் என்று செய்தி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னிடம் சோக்குக் கட்டி கேட்டு வாங்கி, தன் காம்பராக் கதவில் பெயரைப் பெரிதாக எழுதினார். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. பழக்கதோஷத்தில் நான் ஈரத்துணியை நீட்டினேன்.

"இருக்கட்டும். யாரு வேணும்னாலும் படிக்கட்டும்" என்றார்.