பச்சை வயரும் மௌமிதாவின் அப்பாவும்

வயர் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பைச் சூடேற்றி ரெசின் பிசினில் வைத்தவுடன் எழும் புகைக்கு, சாம்பிராணியோடு பிளாஸ்டிக்கையும் போட்டுப் பொசுக்கியது போல ஒரு வாடை உண்டு. கல்கத்தா பவானிபூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் சமையலறையில், அம்மா தோசைக்கல்லை இறக்கி வைத்ததுமே ஜன்னலோர மேடையை நான் பிடித்துக்கொள்வதால், என் ஒன்பதாம் வகுப்பு முழுக்க எங்கள் வீட்டுச் சட்னியில்கூட அந்த வாடைதான் என்று அம்மா சாதிப்பாள். "வீடா இது, பட்டறையா? பட்டறைக்குத்தான் ஒருத்தரு தெனம் ஆத்தத் தாண்டிப் போறாரே, அது போதாதா?" என்பாள். ஆற்றைத் தாண்டிப் போகிறவர் என் அப்பா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஹவுராவில் ரயில்வே பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார்.

எங்கள் பள்ளி அந்த வருடம்தான் முதல்முறையாக ரோபோ போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தது. வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பின் மேலேயே, யாரும் தொடாமல், வளைவுகளில் வளைந்து ஒரு சின்ன வண்டி கடைசிவரை ஓட வேண்டும். கல்கத்தாவில் ஜெயித்தால் டெல்லிக்குப் போகலாம். ஒரு பள்ளிக்கு இரண்டு பேர்: நானும், முதல் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்த மௌமிதாவும். அவளை "மௌ" என்றுதான் கூப்பிடுவேன். வண்டி உருளத் தொடங்குவதற்கு முன்னாலேயே டெல்லி ரயிலில் மேல் பெர்த் யாருக்கு என்று நாங்கள் சண்டை போட்டு முடித்திருந்தோம்.

சக்கரம், மோட்டார், பேட்டரி எல்லாம் அவள் பொறுப்பு. சென்சார் போர்டு என்னுடையது. சாந்தினி மார்க்கெட்டில் வாங்கிவந்த ஐந்து ஜோடி கண்கள் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அகச்சிவப்பு ஒளியைத் தரையில் பாய்ச்சும், மற்றது திரும்பி வருவதைப் பார்க்கும். வெள்ளை திருப்பியனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். நம் கண்ணுக்கு அந்த ஒளி தெரியாது. போர்டிலிருந்து வண்டிக்கு ஏழு வயர்கள் போயின. ஏழையும் தோல் உரித்து, முறுக்கி, பற்றவைத்தது நான். விரலில் இரண்டு கொப்புளம் வந்து காய்ந்தது.

ஏழில் ஒன்று கிரவுண்டு, மின்சாரம் திரும்பி வந்து சேரும் வழி. அதற்குக் கறுப்பு வயர்தான் போடுவது என்பது எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்களின் வழக்கம். அது எனக்கு எங்கே தெரியும்? எங்கள் வீட்டு வழக்கம் மின்கம்பிக்காரர் வழக்கம். "ஏட்டி, பச்சைன்னா எர்த்து. அது பூமாதேவி. எவன் எங்க சுத்தினாலும் கடைசில அவகிட்டதான் வந்து சேரணும்" என்று அப்பா ஃபியூஸ் மாற்றும்போதெல்லாம் சொல்வார். அதனால் கண்ணை மூடிக்கொண்டு பச்சையைப் போட்டேன். ஏன் பச்சை என்று மௌ கேட்டபோது, அப்பா சொன்னதை வங்காளத்தில் அழகாக மாற்றிச் சொன்னதும் நான்தான். அவள் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாள்.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது எனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை, தலைமாட்டில் வேப்பிலை, மூன்று தண்ணீர் ஊற்றும்வரை படி தாண்டக் கூடாது என்று அம்மா கட்டளை போட்டுவிட்டாள். நான் அழுத அழுகையில் கொப்புளமெல்லாம் எரிந்தது. என் இடத்துக்குத் எங்கள் பள்ளியிலேயே படிக்கும் தன் மாமா மகன் ஒருவன் வருவான் என்றும், அன்று ஒருநாள் தன்னோடு நிற்க மட்டும்தான், டெல்லிக்கு என் பெயர்தான் என்றும் மௌ வாசல்படிக்கு வெளியே நின்று சொன்னாள். அம்மை போட்ட வீட்டிலிருந்து எந்தச் சாமானும் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் சாஸ்திரம். அம்மா கையைப் பிசைந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு ரூபாய் முடிந்து வைத்து, "ஆத்தா, பிள்ளை ஆசைக்குக் குடுக்கேன், கோவிச்சுக்கிடாத" என்று கும்பிட்டுவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துப் போர்டைக் கொடுத்தனுப்பினாள்.

எங்கள் வண்டி ஜெயித்தது. படுத்த படுக்கையில் நான் போட்ட கூச்சலைக் கேட்டுக் கீழ்வீட்டு மாமி ஏறி வந்துவிட்டார்.

உடம்பு தேறிப் பள்ளிக்குப் போன முதல் வாரத்தில் பிரார்த்தனை மண்டபத்தில் பெற்றோரையும் கூப்பிட்டுப் பாராட்டு விழா வைத்தார்கள். அப்பா அரைநாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார். போட்டியைப் படம்பிடித்த சி.டி.யைப் பெரிய டி.வி.யில் ஓட்டினார்கள். வண்டி வளைவில் திரும்பியபோது எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு படத்தில் நடுவர் குனிந்து, இந்த போர்டுக்கு வயரிங் செய்தது யார் என்று கேட்டார். மௌ, "நான்தான் சார்" என்றாள். சரி, என் பெயரைச் சொன்னால் நான் எங்கே என்று கேட்பார்கள், பயந்திருப்பாள் என்று அந்த ஒரு நொடியில்கூட அவளுக்காக நானே வாதாடினேன். அடுத்து அவர், எல்லோரும் கறுப்பு போடுவார்கள், நீ ஏன் கிரவுண்டுக்குப் பச்சை போட்டாய் என்றார். மௌ கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமார் பாபா போலேன்" என்றாள். என் அப்பா சொல்வார். பிறகு பூமாதேவியும், யார் எங்கே சுற்றினாலும் அவளிடம் வந்து சேருவதும், நான் சொன்ன அதே வங்காளத்தில், ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. அவளுடைய அப்பா இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர். பல்பு மாற்றவே ஆள் கூப்பிடுவார். நடுவர் "வாஹ்!" என்றார். எங்கள் பிரார்த்தனை மண்டபமும் கைதட்டலில் அதிர்ந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். என் அப்பா கை தட்டிக்கொண்டிருந்தார்.

பாவி மகள்! போர்டை எடுத்துக்கொண்டதையாவது பொறுத்திருப்பேன். பஸ்ஸில் வரும்போது, "அது நீங்க சொன்னதுப்பா, அவ அவங்க அப்பான்னுட்டா" என்று விம்மினேன். அப்பா, "யாரு சொன்னா என்னட்டி, விசயம் சரிதான? அந்தப் புள்ள என்னமா ஞாபகம் வச்சிருக்கு!" என்றார். அதில் ஒரு பெருமை வேறு. அதற்கப்புறம் டெல்லிப் பட்டியலில் என் பெயர் இல்லை, மாமா மகன் பெயர்தான் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அழக்கூட வரவில்லை.

டெல்லிக்குப் புறப்படும் முன் மௌ ஒரு காலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் பக்கம் போனால் வண்டி பைத்தியம் பிடித்தது போலக் கோட்டை விட்டு ஓடுகிறதாம், ஏன் என்று தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். வெயிலிலும் அதே அகச்சிவப்பு இருக்கிறது, சென்சாரின் கண் கூசிவிடும்; போர்டைச் சுற்றிக் கறுப்புக் காகிதத்தில் ஒரு பாவாடை கட்டினால் சரியாகிவிடும். எங்கள் பால்கனியில் முன்பே பார்த்துவைத்திருந்தேன். "எனக்கு எப்படித் தெரியும்? உங்க அப்பாவைக் கேளு" என்று வங்காளத்தில் சொல்லிக் கதவைச் சாத்தினேன். டெல்லியில் கண்ணாடிக் கூரை போட்ட மண்டபமாம். இரண்டாவது வளைவில் வண்டி கோட்டை விட்டுப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். பொய் சொல்வானேன்? அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மௌவும் நானும் அதற்கப்புறம் பேசவில்லை.

இப்போது பாலிகஞ்சில் குடியிருக்கிறேன். கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. சென்சார் வரிசை இன்று தயாராகவே கிடைக்கிறது, ஒரே பக்கம் மட்டும் பொருந்தும் செருகியோடு. எந்த வயருக்கு எந்த நிறம் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. சமையலறையில் புகை இல்லை, அம்மாவின் புலம்பல் இல்லை, அப்பாவும் இல்லை. காரியத்துக்கு வந்த பட்டறை ஆட்களில் பாதிப்பேர், வங்காளிகளும் பீகாரிகளுமாக, "இது உங்க அப்பா சொல்லித்தந்தது" என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாங்கிக்கொள்கிறவன் யார், யார் பெயரில் அதை வெளியே சொல்வான் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

என்னோடு வேலை பார்க்கும் சின்னப் பெண் ஒருத்தி, "ஏன் தீதி இப்படிச் செய்றோம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். செய்து காட்டுவேன். காரணத்தை மட்டும் சொல்ல மாட்டேன்; "சும்மா, அப்படித்தான்" என்பேன். அவள் நல்ல பெண், கெட்டிக்காரி, எனக்கு எந்தக் கெடுதலும் நினைக்காதவள். ஆனாலும் வாய் வரை வந்தது உள்ளே போய்விடுகிறது. மௌ அன்று ஒரு பேச்சுக்குத்தான் என் அப்பாவைத் தன் அப்பா என்றாள். நான்தான் அதற்கப்புறம் அவர் மகளாக இருக்கவில்லை.