நல்ல தண்ணி

என் மனைவியின் அரை ஏக்கர் மிளகாயில் காய் அழுகல் வந்தபோது, எங்கள் வீட்டில் விஞ்ஞானி நான்தான். தகுதி, செல்போனில் வீடியோ பார்ப்பது. காயில் கறுப்பு வட்டம் விழும், குழியும், பக்கத்துக் காய்க்குத் தாவும். இரண்டாவது பறிப்புக்குள் நிற்காவிட்டால் செடியைப் பிடுங்கிவிடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். வயல் அவளுடையது, கருத்து மட்டும் என்னுடையது.

வேளாண் கல்லூரியிலிருந்து சோதனைக்காக ஒரு மேடம் வந்து, டீ நிறத்தில் ஒரு பாட்டில் கொடுத்தார். நானோ வெள்ளியாம். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள், பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கும் என்றார். "நல்ல தண்ணியில கலந்து அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாட்டில் அரை ஏக்கருக்குச் சரியாக இருந்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குப் பெயரே நல்ல தண்ணிதான். உப்பளத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ரோடு. அந்தப் பக்கத்துத் தண்ணீரோடு பார்த்தால் எங்களுடையது இளநீர். தெளிப்பானில் முதல் டேங்கைக் கலந்தேன். டீ நிறம் சாம்பலாகி, அடியில் மண்டி தங்கியது.

"ஏங்க, பால் மாதிரி திரிஞ்சு போச்சே?" என்றாள்.

"திரியல. வெள்ளி இல்லையா, அதான் வெளுக்குது" என்று விளக்கினேன். விளக்கம் எனக்கே பிடித்துப்போனதால் கிட்டத்தட்ட பாட்டில் முழுவதையும் தீர்த்துவிட்டேன்.

அடுத்த வாரம் மேடம் வந்தார். கறுப்பு வட்டங்கள் அப்படியே பெருகியிருந்தன. கிணற்றுத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்தவர் துப்பிவிட்டார்.

"சார், நல்ல தண்ணி எடுக்கச் சொன்னேனே!"

"இதுதான் மேடம் நல்ல தண்ணி."

"உப்புக் கரிக்குது!"

மனைவி முந்திக்கொண்டாள். "எங்களுக்கு இதாங்க நல்ல தண்ணி. கெட்டது அதோ உப்பளப் பாத்தியில காயுது பாருங்க."

உப்பு பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் தங்கிவிடுமாம். "நானோவா குடுத்தேன். நீங்க மண்டியாக்கிட்டீங்க" என்றார் மேடம்.

மிச்சம் நாலு வரிசைக்குத்தான் வந்தது. கடையிலிருந்து கேன் தண்ணீர் வாங்கினோம். "நமக்குக் கிணறு, மிளகாய்க்கு கேனு. அதுக்கு வந்த வாழ்வுதான்!" என்றவள், ஓரமாக, வட்டம் குறைவாக இருந்த நாலு வரிசையைப் பார்த்து எடுத்துத் தானே அடித்தாள். கேன் தூக்க மட்டும் எனக்கு அனுமதி.

அந்த நாலு வரிசையில் புதிய வட்டங்கள் அபூர்வம். இரண்டாவது பறிப்பு அங்கே மட்டும் நடந்தது. அன்று மறுபடி வந்த மேடம், நான் அடித்த வரிசைகளை நோட்டில் தனியாக எழுதிக்கொண்டார்.

"ஒப்பிட்டுப் பார்க்க இதுவும் உதவும் சார்."

கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்லலாமென்று திரும்பினேன். மனைவி ஐந்தாவது வரிசையில் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்திருந்தாள். நானும் ஆறாவது வரிசையில் குனிந்தேன்.