சத்தமில்லாத கோட்டுவாத்தியம்

"நீ படிச்சவங்கிறதுக்காக எழவு வீட்டுச் சத்தம் பாட்டாயிருமாக்கும்?" என்று, பக்கத்து வீட்டுக் கோட்டுவாத்தியத்தை நான் பாட்டு என்று சொன்னபோது, தாய்மாமா ஒருமுறை என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

போன மாதம் மதுரை விடுதியின் வானொலியில் கோட்டுவாத்தியம் கேட்டதும், எங்கள் அனுமந்தன்பட்டி வீட்டில் விடியலில் நெல் அவிக்கும் வாசனை நினைவில் எழுந்தது.

பக்கத்து வீட்டில் கோட்டுவாத்தியக்காரர் ஒருவர் குடியிருந்தார். திருவிதாங்கூர்ச் சபைகளில் வாசித்துப் பேர் வாங்கியவர். மனைவி இறந்தபின் மலையிறங்கி எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். விடியலில் வாத்தியத்தைப் பாயில் கிடத்தி, ஒரு கையால் தந்தியை மீட்டி, மறு கையால் வழவழப்பான மரக்கட்டையை அதன்மேல் இழுப்பார். ஓசை அறுபடாமல் நீண்டு, சுவர் தாண்டி வரும்.

அம்மா குளிர்காய்ச்சலில் படுத்தபோது மாமா அவரிடம் போனார். "சீக்காளி கெடக்கிற வீடு. ஒப்பாரி மாதிரி இழுக்காதீக."

அவர் மறுக்கவில்லை. மறுநாள் சன்னல் வழியே பார்த்தேன். தந்தியை மீட்டாமல் கட்டையை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தார். முழுப் பாட்டும் சத்தமில்லாமல் நடந்தது.

சில நாளில் அம்மா விம்மி அழுதாள். "ஏத்தா, பக்கத்து வீட்டுக்காரக செத்துட்டாகளா? எங்கிட்ட மறைக்கிறீகளா?"

"நல்லாத்தாம்மா இருக்காக. மாமாதான் வாசிக்க வேணாம்னுட்டாக."

"அடப் பாவிகளா! அந்தச் சத்தம் கேட்டாத்தானே எனக்கு விடியும். வாசிக்கச் சொல்லு!"

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீட்டினார். அம்மா அன்றுதான் கஞ்சி கேட்டாள்.

இங்கே மதுரையில் மாலை நேரக் கோட்டுவாத்திய வகுப்பில் போன வாரம் சேர்ந்துவிட்டேன். கட்டைதான் இன்னும் நிறுத்திய இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.