இன்னாசியின் கண்ணாடிநார்க் கார்

1961-இல் மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு சீமைக் கப்பலிலிருந்து பெரிய மரப்பெட்டி ஒன்று இறங்கியது. இறக்கும்போது பக்கப் பலகை ஒன்று விட்டுப்போய், உள்ளே வைக்கோலுக்கு நடுவில் ஒரு காரின் முகம் தெரிந்தது. கிரேனைச் சரிபார்க்கப் போயிருந்த ஃபிட்டர் இன்னாசி, கையை உள்ளே விட்டு அதைத் தட்டிப் பார்த்தார். தகரச் சத்தம் வரவில்லை. காய்ந்த சுரைக்குடுக்கையைத் தட்டியது போல இருந்தது என்று மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். நான் அவர் வேலை பார்த்த அதே துறைமுக ஒர்க்‌ஷாப்பில் எந்திரங்களுக்குப் படம் வரைகிற வேலையில் இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவரும் எப்போதும் ஒரே பெஞ்சு.

அந்தப் பெட்டி எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்த பார்லோ என்ற வெள்ளைக்காரருடையது. அவர்கள் ஊரில் காரைத் துண்டு துண்டாக விற்பார்களாம். வாங்கியவர் வீட்டிலேயே பொருத்திப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதன் பாடி முழுக்கக் கண்ணாடிநார். நூலாய் இழைத்த கண்ணாடியை விரிப்பாகச் செய்து, அதன்மேல் ரெசின் என்ற பிசினைத் தடவி இறுக வைத்தது. பார்லோ அதைப் பூட்டி ஆறேழு வருடம் எண்ணூர் சாலையில் ஓட்டினார். கடற்காற்று பாடியை ஒன்றும் செய்யவில்லை. அடியிலிருந்த இரும்பைத் தின்றுவிட்டது. 1968-இல் அவர் ஊருக்குக் கிளம்பியபோது சேஸிஸ் என்ற அடிச்சட்டம் கையோடு உதிர்ந்தது, எஞ்சின் செத்திருந்தது, பாடி நாலு இடத்தில் வெடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் எஞ்சினைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த இன்னாசியிடம், வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சொல்லி, காரின் காகிதங்களையும் இங்கிலீஷில் அச்சடித்த குறிப்புகளையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

ராயபுரம் பனைமரத்தொட்டியில் இன்னாசியின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்து உண்டு. கார் அதற்குள் நுழைந்து நின்றால் இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் மிச்சம். மீன் லாரியில் வந்து இறங்கிய வண்டியை அவர் மனைவி பிலோமி சுற்றிவந்து பார்த்தாள். பிலோமி வண்ணாரப்பேட்டை ஜவுளிக்காரர் ஒருவருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். இரண்டு பெண் குழந்தைகள். வண்டியில் இருந்ததோ இரண்டே சீட்டு.

"நாம நாலு பேரு. இதுல எப்டியா குந்துறது?" என்றாள்.

அந்தக் கேள்விதான் வேலையை மூன்று மடங்காக்கியது. பாடியைப் பின்பக்கம் அறுத்து ஒன்றரை அடி நீட்டி, குழந்தைகளுக்கு ஒரு பெஞ்சு போடுவது, மழைக்கு மேலே கூரை கட்டுவது, வெடிப்புகளை அடைப்பது. சேஸிஸும் எஞ்சினும் இன்னாசிக்குத் தெரிந்த வேலை. சேனல் இரும்பை வாங்கித் தானே வெல்டு அடித்தார். புதுப்பேட்டையில் அடிபட்ட ஹெரால்டு காரின் எஞ்சினைப் பிடித்து வந்து பிரித்துக் கோத்தார். அதற்கே இரண்டு வருடம் ஆயிற்று. பாடிக்கு வந்தபோதுதான் கை தடுமாறியது. விரிப்பை ஒட்டினால் வளைவில் மடிப்பு விழுந்தது. உள்ளே காற்று நின்று கொப்புளித்தது. காய்ந்த பிறகு அப்பளம்போலப் பெயர்ந்து வந்தது. மூன்று முறை ஒட்டி மூன்று முறை உரித்துப் போட்டார்.

நாலாம் முறை, தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்த பிலோமி அவர் கையிலிருந்த கத்தரியை வாங்கிக்கொண்டாள். ரவிக்கையின் அக்குள் வெட்டுக்கு என்ன செய்கிறோமோ அதைத்தான் இந்த வளைவுக்கும் செய்ய வேண்டும் என்றாள். பழைய செய்தித்தாளை வண்டியின்மேல் வைத்து அழுத்தி அளவெடுத்து, அதை விரிப்பின்மேல் வைத்து வெட்டி, ஓரத்தில் சின்னச் சின்னக் கீறலாகப் போட்டுப் படியவைத்தாள். மடிப்பு விழவில்லை. அன்றிலிருந்து பாடி அவள் வேலை. ரெசினில் எத்தனை சொட்டு மருந்து விட்டால் எவ்வளவு நேரத்தில் இறுகும் என்பதை வெயிலைப் பார்த்தே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். மாலையில் நார்த்தூள் அரிக்காமலிருக்க இருவரும் கைநிறையத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சந்தில் உட்கார்ந்து பேசுவார்கள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அத்தனை பேச்சு அந்த வருடம்தான் பேசினோம் என்று இன்னாசி என்னிடம் சொன்னதுண்டு.

ரெசினை இறுக்குகிற அந்த மருந்து தண்ணீர்போல இருக்கும். பார்லோ கொடுத்த குறிப்பில் அதைப்பற்றி ஒரு பத்தி இருந்தது. கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் தொடக்கூடாது. தப்பித் தவறிப் பட்டுவிட்டால் அந்த நிமிடமே நிறையத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். இன்னாசி இங்கிலீஷ் படிப்பார். பிலோமிக்குத் தமிழ் மட்டும்தான். அவர் அந்தப் பத்தியைப் படித்த வாரம், ரெசின் நாற்றத்தில் குழந்தைகள் இருமுகிறார்கள் என்று அவள் சலித்துக்கொண்டிருந்தாள். இதையும் சொன்னால் வேலையை விட்டுவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. அவள் கை இல்லாமல் பாடி நிற்காது என்பது அவருக்குத் தெரியும். காகிதத்தை மடித்து ஃபைலுக்குள் வைத்துவிட்டார்.

1971 ஏப்ரலில், ஈஸ்டர் கழிந்த ஒரு சனிக்கிழமை, கூரைக்குக் கடைசி விரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மருந்தைச் சொட்டு விட அவள் ஒரு இங்க் ஃபில்லர் வைத்திருந்தாள். அதன் வாய் அடைத்துக்கொண்டது. முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து அழுத்தினாள். அடைப்பு விட்டு மருந்து இடது கண்ணில் பீய்ச்சியது.

அவள் கத்தவில்லை; உட்கார்ந்துவிட்டாள். இன்னாசி தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அங்கே கெங்கம்மா கைக்குழந்தைக்காரி. கண்ணில் எது பட்டாலும் தாய்ப்பால் விடுவதுதான் அந்தத் தெருவில் வழக்கம். கெங்கம்மா ஓடிவந்து பால் விட்டாள். எரிச்சல் அடங்காததால் ரிக்‌ஷா பிடித்து எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ராயபுரம் பாலத்தின்மேல் ரிக்‌ஷா ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பத்தி இன்னாசிக்கு நினைவு வந்தது. சந்தில் காருக்கு இரண்டடி தள்ளி ஒரு டிரம் நிறையத் தண்ணீர் இருந்ததும் நினைவு வந்தது.

டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி, தண்ணீர் விட்டுக் கழுவினீர்களா என்பதுதான். இல்லை என்று இன்னாசி தலையசைத்தார். பதினெட்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். இடது கண் பாலேடு படிந்தது போல வெளுத்துப்போய், பார்வை வரவேயில்லை.

இன்னாசி வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் அவர் பேச்சு குறைந்தது. ஒரு நாள் எங்கள் பெஞ்சில், கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே, அந்தக் காகிதத்தைப்பற்றி என்னிடம் சொன்னார். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் சொல்லிவிட்டாராம். சாமியார், போய் உன் பெண்சாதியிடம் சொல் என்றாராம். சொல்லுங்கள் என்றுதான் நானும் சொன்னேன். சரி என்றவர், சொல்லவில்லை.

தார்ப்பாயை எடுத்தவள் பிலோமி. ஒரு கண்ணையும் கொடுத்துவிட்டு வண்டியையும் மக்கவிடுவதா என்று கேட்டாளாம். ஊசியில் நூல் கோக்க அவளுக்கு இப்போது நேரம் பிடித்தது. ஜவுளிக்காரர் துணி அனுப்புவதைக் குறைத்துக்கொண்டிருந்தார். மிச்ச வேலையை இருவருமாகச் செய்தார்கள். மருந்து ஊற்றுகிற வேலையை மட்டும் அவர் அவளிடம் விடவில்லை. ஏன் என்று அவள் கேட்கவுமில்லை. 1972 கடைசியில் கார் அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தது. இளநீல நிறம். பதிவு ஆபீசில், இது எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதுவது எனத் தெரியாமல் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை பார்லோவின் காகிதங்களையே ஆதாரமாக வைத்துக்கொண்டு நம்பர் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நாலு பேரும் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போய் வருவார்கள். வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஆட்கள் கூடி இன்னாசியின் கைவேலையைப் புகழ்ந்தார்கள். பாடி என் சம்சாரம் செய்தது என்று அவர் சொன்னால் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

1974-இல் காசிமேட்டிலிருந்து திருமலை என்ற படகுக்காரர் வந்தார். உடைக்கப் போட்ட கப்பல் ஒன்றின் உயிர்காப்புப் படகை ஏலத்தில் எடுத்திருந்தார். அதுவும் கண்ணாடிநார்தான்; அடியில் ஒரு ஓட்டை. காரைப் பார்த்தேன், அதே கைதான் இதை அடைக்க வேண்டும் என்றார். இன்னாசி வாய் திறப்பதற்கு முன்னால் பிலோமி ஒப்புக்கொண்டாள். நாலு நாள் வேலை. இன்னாசி துறைமுகத்தில் இருப்பார். மருந்தை அவளேதான் ஊற்றியாக வேண்டும்.

மறுநாள் இன்னாசி ஒர்க்‌ஷாப்பிலிருந்து சாணை பிடிக்கும்போது போடுகிற கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினார். அது இல்லாமல் மருந்தைத் தொடாதே, கண்ணில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழுவு என்றார். அவள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது உனக்கு எப்பத்லேந்து தெரியும்?"

ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைகூட. ஆனால் அவர் உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்து, அந்தக் காகிதத்தைப் பிரித்து, தமிழில் அவளுக்குப் படித்துச் சொன்னார். எப்போது படித்தார் என்பதையும், ஏன் மறைத்தார் என்பதையும் சொன்னார்.

பிலோமி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இத்த சொன்னா நான் வேலைய வுட்டுடுவேன்னு நெனச்ச?"

ஆமாம் என்றார்.

"வுட்டிருக்க மாட்டேன்யா. இந்தக் கண்ணாடிய மாட்டிகினு செஞ்சிருப்பேன். அவ்ளோதான்."

கண்ணாடியின் பட்டை அவள் தலைக்குப் பெரிது. மிஷினில் வைத்து அதைச் சிறிதாக்கித் தைத்துக்கொண்டு, மறுநாள் காலை காசிமேட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சோறு, குழந்தைகளின் பள்ளிக்கூடம், அரிசி மண்ணெண்ணெய் என்று பேச்சு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை எடுத்தால் மட்டும் அவள் ஏறுவதில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தனக்கு வேலை இருக்கிறது என்பாள். திருமலையின் படகு ஒழுகாமல் கடலில் ஓடியதைப் பார்த்து வேறு படகுக்காரர்களும் அவளைத் தேடி வந்தார்கள். வேலை இருந்ததும் உண்மைதான். இன்னாசி ஒருமுறைகூட அவளை வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடுகிற தகுதி தனக்கில்லை என்று நினைத்தார். வண்டியைக் கண்டாலே அவளுக்கு ஆகவில்லை என்றும் நினைத்துக்கொண்டார். பெட்ரோல் விலையும் ஏறிப்போயிருந்தது. 1976-இல் பெரம்பூர் மரக்கடை சௌக்கத் அலி வந்து கேட்டதும், பிலோமி காசிமேட்டில் இருந்த ஒரு பகலில், சாவியைக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் வந்து காலியாய்க் கிடந்த சந்தின் முன் நின்றாள். விற்றுவிட்டேன், உனக்கு அது வேண்டாம் என்றுதான் விற்றேன் என்றார் இன்னாசி.

"ஏற மாட்டேன்னுதான் இருந்தேன். வித்துடுன்னு சொன்னனா? அது நான் செஞ்ச பாடி. என்னிய ஒரு வார்த்த கேட்டியா நீ?"

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பெரம்பூருக்குப் போனார். சௌக்கத் அலி உட்காரவைத்து டீ கொடுத்தார். வண்டியை ஆம்பூரில் இருக்கும் தம்பிக்கு வாங்கியதாகவும், விடியற்காலையிலேயே அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். இன்னாசி அடுத்த ரயிலில் ஆம்பூர் போனார். தம்பி வீட்டு வாசலில் நீல வண்டி நின்றது. மகள் கல்யாண ஊர்வலத்துக்கென்று வாங்கியது, பணம் இரட்டிப்பாய்க் கொடுத்தாலும் தரமுடியாது என்று அந்த மனிதர் மரியாதையாகவே சொன்னார். இன்னாசி கதவின் இணைப்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினார். போனதையும் வந்ததையும் வீட்டில் சொன்னார். பிலோமி கேட்டுக்கொண்டாள்.

அவர் ஓய்வுபெற்று ஒரு வருடம் கழித்து, 1979-இல், பார்க்கப் போனேன். சந்தில் ஒரு படகின் ஐஸ் பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பிலோமியும் இன்னும் இரண்டு பெண்களும் கண்ணாடி மாட்டிக்கொண்டு விரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னாசி ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவள் போட்டுத் தந்த காகித அளவில் விரிப்பை வெட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே கோபம் ஒன்றும் தெரியவில்லை. தேங்காயெண்ணெய்க் கையோடு உட்கார்ந்து பேசிய அந்த ஒரு வருடத்துப் பேச்சும் தெரியவில்லை.

நான் கிளம்பியபோது, கடைக்குப் போகவேண்டும் என்று அவளும் எங்களோடு பஸ் நிற்கும் இடம்வரை வந்தாள். மூன்று பேரும் நடந்தோம். இன்னாசி அவளுடைய கண் தெரியாத இடது பக்கத்திலேயே நடந்துவந்தார். நான் பேச்சுவாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டபோது, என் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு மறுபடி அங்கே வந்துகொண்டார். அவள் எங்கள் இருவரையும் பார்க்காமல், எதிரே வருகிற லாரிகளைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தாள்.