செயினில் ஏறிய கறுப்பு மணல்

இறக்கக்கண்டிக் களப்பில் ஒரு நண்டு நடந்தால், வீட்டுக்குள் தைத்துக்கொண்டிருக்கும் ஸல்ஹா அது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவாள். சரி, சரி, புளுகுதான், நண்டைக் கழித்துவிடுங்கள். ஆனால் தையல் மெசினில் ஒரு பல் பிசகினாலும் அவள் காதுக்குத் தப்பாது. அது சத்தியம்.

சீனி வருத்தம் அவளையும் மாமி மகள் நஸ்ரினையும் ஒரே மாதத்தில் பிடித்தது. "சைக்கிள் மிதியுங்க" என்றார் டொக்டர். நாற்பது தாண்டிய இரண்டு பெண்கள் றோட்டில் சைக்கிள் ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? நஸ்ரின் வீட்டுப் பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை இரும்புத் தாங்கியில் தூக்கி நிறுத்தி, அறைக்குள்ளேயே மிதித்தார்கள். ஒரு வாரம் இவள் வீடு, மறுவாரம் அவள் வீடு. கால் உறுதியானதும் இருவரும் ஒரே நாளில் றோட்டில் இறங்குவதென்று பேச்சு. "சேர்ந்து போனா ஊர்க் கதையும் ஆளுக்குப் பாதி, மச்சி" என்றவள் நஸ்ரின்தான். அந்த நாளுக்கென்றே செயினில் சிக்காத சல்வார் இரண்டை ஸல்ஹா ஒரே துணியில் தைத்து வைத்திருந்தாள்.

இந்த முறை சைக்கிள் ஸல்ஹா வீட்டுக்கு வந்து, ஏறி மிதித்ததும் கறுக், கறுக் என்றது.

சீற்றை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். சத்தம் போகவில்லை, சீற் தப்பித்தது. மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைத் தன்பாட்டில் ஓடவிட்டாள். மூச்சில்லை. செயினைக் கழற்றிவிட்டுப் பெடலைக் கையால் சுழற்றினாள். அதுவும் நல்ல பிள்ளை. வம்பு செயினில்தான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். பேசினின் அடியில் கறுப்பாய் ஏதோ படிந்தது. இரும்பு தேய்ந்த தூளோ என்று, விழுந்த ஊசி பொறுக்கும் காந்தத்தை நீட்டினாள். மொய்த்துக்கொண்டு ஏறியது. விரலில் தேய்த்தாள். தூளில்லை, மணி மணியாய் மினுங்கும் மணல்.

இறக்கக்கண்டி மணல் வெள்ளை. காந்தத்தைச் சட்டை செய்யாது. காந்தத்தில் ஏறும் கறுப்பு மணல் குச்சவெளிக்கும் அங்கால் கரையில் கிடப்பது. அறைக்குள் நின்ற சைக்கிள் அங்கே எப்படிப் போயிற்று?

காந்தத்தைத் துடைக்காமலே நஸ்ரின் வீட்டுக்குப் போனாள்.

"என்ன மச்சி, காந்தத்துக்குத் தாடி முளைச்சிருக்கு?"

"உன்ட செயினுக்குள்ள இருந்தது. குச்சவெளி மணல்."

நஸ்ரினின் சிரிப்பு பாதியில் நின்றது. "நல்லாத் துடைச்சுத்தானே அனுப்பினனான்!"

"ஓம், வெளியால துடைச்சிருக்காய்."

நஸ்ரின் கதிரையில் தொப்பென்று இருந்தாள். "ஒரு தரந்தான், மச்சி. தனியத்தான் போனனான். றோட்டில என்னால ஏலுமா, ஏலாதா எண்டு பார்த்துட்டு உன்னையும் கூட்டிட்டுப் போவமெண்டு… அல்லாஹ்வுக்காக நம்பு."

ஸல்ஹா காந்தத்தை மேசையில் வைத்தாள். சேர்ந்து இறங்குவதென்றுதானே பேச்சு. ஆனாலும் தனியே போனதென்றால், அது பயந்தவள் பயம் தெளியப் போனது. விழுந்தாலும் யாரும் காணாமல் விழுந்து எழும்பப் போனது. அப்படியென்றால் மன்னிக்கலாம். இருவரும் சேர்ந்து இறங்கும் முதல் நாள் இன்னும் மிச்சமிருக்கிறது. அவளும் ஒரு கதிரையை இழுத்தாள்.

குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தார் நஸ்ரினின் கணவர் அபூதாஹிர். ஒரு கதையில் சின்னப் பிழை இருந்தாலும் திருத்தாமல் போக அவருக்கு ஏலாது.

"தனியவா? மறந்துட்டீங்களா? ஸ்கூல் தயாளினி டீச்சரும் நீங்களும் சோடியாத்தானே போனீங்க."