தலைகீழாய்த் தொங்கிய அப்பா

என் வீட்டுக்காரரின் முகத்தை நான் முதன்முதலில் முழுசாகப் பார்த்தது தலைகீழாகத்தான். கல்யாணத்துக்கு மறுநாள் சாயங்காலம், வல்லத்திராக்கோட்டையில், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில். புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் இருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். அதை மறைக்கத்தான் இரண்டு நாளாகக் குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். ஊர் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டது.

சிரிக்க முடியாமல் இருந்தவள் அம்மாதான். அவளுடைய தம்பி, என் தாய்மாமன், அப்பாவோடு பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் ஒரே தம்பியின் காதுகுத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்ட மாமனுக்கே முதல் பந்தியில் இலை போடாமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் சங்கதி.

கல்யாணத்துக்கு மாமன் வந்தார், சீர் செய்தார், மாலை எடுத்துக் கொடுத்தார். அப்பாவோடு மட்டும் பேச்சு இல்லை.

"அவரைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அப்பா, நாலடி தள்ளி நிற்கிற மாமனைக் காட்டி.

"பசிக்கலைன்னு சொல்லுக்கா" என்பார் மாமன்.

அம்மா நடுவில் நின்று தபால்காரர் உத்தியோகம் பார்த்தாள். அன்று கடைசி பஸ்ஸில் நான் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவேன், மாமனும் அவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் இரண்டு பேரையும் ஒரே படத்தில் நிற்க வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். அடுத்த கல்யாணம் என்றால் தம்பிக்குத்தான், அவனோ இன்னும் அரைஞாண் கயிற்றோடு திரிந்துகொண்டிருந்தான். ஆகவே புதுக்கோட்டையிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தாள்.

"அவரு நின்னா நான் நிக்க மாட்டேன்" என்றார் அப்பா. மாமனும் எழுத்துப் பிசகாமல் அதையே சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய நாற்காலியில் அப்பா முழங்காலில் கை வைத்து, வம்புக்கு இழுப்பவரைப்போல உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா, பின்னால் நாங்கள் இருவர். மாமன் கேமரா ஓரமாக நின்று மேற்பார்வை பார்த்தார்.

"எங்க அக்கா முழுசா விழுறாங்களா? நான் பாக்கணும்" என்றவர், போட்டோக்காரர் தடுப்பதற்குள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டார்.

அந்த மாதிரிக் கேமராவில், பின்பக்கத்துக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் தெரியும். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

துணி குலுங்கியது. மாமன் அழுகிறாரோ என்று பயந்துபோனேன்.

"மச்சான் தலைகீழாத் தொங்குறாரு! தோள்ல கெடக்குற துண்டு விழாம நிக்கிது!"

மூன்று வருஷம் கழித்து ஒரு 'மச்சான்'. அம்மா என் கையை எட்டிப் பிடித்தாள். வளையல் நொறுங்காதது அதிசயம். அப்பா எழுந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "அங்கிட்டுப் போயி நில்லு" என்று மாமனை நாற்காலிப் பக்கம் விரட்டிவிட்டு அவரே துணிக்குள் புகுந்தார்.

"மாப்ளே, ஒன் தொங்கு மீசை இப்பத்தான்யா மேல நிக்கிது!" என்று உள்ளேயிருந்து மாமனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? வீடே வரிசை கட்டியது. நானும் வெட்கத்தை விட்டுத் துணிக்குள் போனேன். என் வீட்டுக்காரர் கால்களை வானத்தில் ஊன்றி, மாலையும் கழுத்துமாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அழகாகத்தான் இருந்தார், எனக்குப் பரம சந்தோஷம்.

"வெயில் எறங்கிருச்சுங்க" என்று போட்டோக்காரர் கெஞ்சினார். "படம் விழுற கண்ணாடி பிளேட்டு ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு. மூடியைத் தெறந்து மூணு எண்ணுற வரைக்கும் யாரும் அசையாதீங்க. அசைஞ்சா படம் கெட்டுப்போகும்."

அம்மாவுக்கு ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மாமன். ஒன்று என்றதும் மாமன் குலுங்கினார். இரண்டில் அப்பா. மூன்று காதில் விழுந்தபோது நான் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஒரு மாசம் கழித்துப் படம் வந்தது. அப்பாவின் முகம் அடுப்புப் புகை. மாமனுக்கு மூன்று மீசை. நான் நின்ற இடத்தில் மாலை மட்டும் இருந்தது. நடுவில் அம்மா மட்டும், மூக்குத்திக் கல் முதற்கொண்டு தெளிவாக, கண் கொட்டாமல் நின்றாள்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது கேட்டேன். "அம்புட்டுப் பேரும் சிரிச்சோமே, நீ மட்டும் ஏம்மா சிரிக்கலை?"

"அசைஞ்சா கெட்டுப்போகும்னாருல்ல" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கிறாங்க. நான் எப்படிடி அசைவேன்?"