மை பூசிய மூன்று வரிகள்

அன்று சிங்கப்பூர் தேக்கா அச்சகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: எங்கள் வார இதழின் ஆசிரியர், நான், நான் கட்டுரை எழுதிய அக்கா. இல்லாதவர் அக்காவின் அம்மா. அவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து, முந்நூறு பிரதிகளிலும் மூன்று வரிகள்மேல் மை பூசினோம். அதில் ஒரு பிரதி இன்னும் என் கிளமெண்டி வீட்டு மேசையில் கிடக்கிறது.

அக்கா காபரேயில் ஆடியவர். அரைகுறை உடையில் ஆடுவதுதான் தொழில் என்று சொல்ல அவர் கூசியதில்லை. அம்மாவிடம் மட்டும் டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்று சொல்லி வைத்திருந்தார். “எல்லாம் எழுதுங்க தம்பி. நான் யாருன்னு மட்டும் தெரியக்கூடாது” என்பது அவருடைய ஒரே நிபந்தனை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். என் பெயர் அச்சேறிய முதல் கட்டுரையும் அதுதான். அவர் பெயரை மறைத்தேன், படம் போடவில்லை. அது போதும் என்று நம்பி, அழகுக்காக வீட்டை வர்ணித்தேன்: எந்தப் பேட்டை, எத்தனையாவது மாடி, வாசல் டின்னில் என்ன செடி.

அச்சான முதல் பிரதியைக் கோப்பிக்கடையில் அக்காவிடம் பெருமையாக நீட்டினேன். படித்தவர் முகம் வெளுத்தது.

“பேர மறைச்சிட்டு, எல்லாரையும் என் வீட்டு வாசல்லயே கொண்டுவந்து நிறுத்திட்டீங்களே லா! எங்கம்மா இத வாராவாரம் படிக்கிறவங்க.”

இருவரும் அச்சகத்துக்கு ஓடினோம். ஆசிரியர் திட்டவில்லை. தூரிகையை நீட்டினார். “எழுதினது நீ. நீயே அழி.”

அக்காவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நூறு பிரதி முடிவதற்குள் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன தம்பி, ரோட்டுக்குத் தார் போடுறீங்களா? புருவம் வரையற மாதிரி ஒரே இழுப்பு!” கடைசி இருபது பிரதிகளுக்கு மை தீர்ந்துபோனது. கைப்பையிலிருந்து கண்மைப் பென்சிலை எடுத்தார். “மேக்கப் போட்ட மொத பத்திரிகை நம்மளுதுதான்யா” என்றார் ஆசிரியர்.

அடுத்த வாரம் அக்கா அச்சகப் படியேறி ஓடிவந்தார். “அம்மா முழுசாப் படிச்சாங்க தம்பி! ‘யாரு பெத்த பொண்ணோ, குடும்பத்தத் தாங்குது, நல்லா இருக்கட்டும்’னாங்க.” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மேசையில் கிடக்கும் பிரதியைப் பார்த்து, மைக்கடியில் என்ன இருக்கிறது என்று நேற்று என் மனைவி கேட்டாள்.

“சொல்ல மாட்டேன்.”

“எனக்குக்கூடவா?”

“உனக்குக்கூட.”

பின்பக்கத்தில் ஆசிரியர் அந்தக் கண்மைப் பென்சிலாலேயே எழுதிய கணக்கை மட்டும் காட்டினேன்: இரண்டு புட்டி மை, ஒரு பென்சில், ஆறு கோப்பி. எட்டு வெள்ளி நாற்பது காசு.